செமஸ்டருக்கும் ஓப்பன் சோர்ஸுக்கும் நடுவே ஓர் ஆள்

நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருளுக்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர். கல்லூரிகளில் அதைப் பற்றிப் பேசப் போனால், கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் மேடை ஓரமாக வந்து நிற்பார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?" பழைய மகாபலிபுரம் சாலை, தாம்பரம் தாண்டி, ஸ்ரீபெரும்புதூர் என்று சென்னையைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் பல வருடங்களாக இதே கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. முதலில் நான் சொல்லிவந்த பதில் தவறு என்று இப்போது நினைக்கிறேன். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டைக் கற்றுக்கொள், இந்தத் திட்டங்கள் பல இருக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்கு, புதியவர்களுக்கென்று 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று லேபிள் ஒட்டியிருக்கும் வேலையாகப் பார்த்து எடு என்று சொல்லி அனுப்புவேன். பெரும்பாலானவர்கள் அதைச் செய்யத்தான் செய்தார்கள், ஆனால் மூன்று வாரத்தில் நின்றுவிட்டார்கள்.

ஏன் நிற்கிறார்கள் என்பதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். மாணவர்களுக்குச் சோம்பல் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள், பாடத்திட்டம் பழசு என்று மாணவர்கள் சொல்கிறார்கள், இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நான் பார்த்தவரை காரணம் வேறு. ஒரு மென்பொருள் சமூகம் நகரும் காலமும் ஒரு கல்லூரி நகரும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது, அந்த இடைவெளியில் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கிற ஓர் ஆள் இல்லாவிட்டால் மாணவர் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுகிறார்.

முதலில் சமூகத்தின் பக்கம். ஒரு திட்டத்தில் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்புகிறீர்கள், இதற்குத்தான் புல் ரிக்வெஸ்ட் அல்லது பேட்ச் என்று பெயர். அதைப் பார்க்க வேண்டியவர், அந்தத் திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர். அவர் பல நேரங்களில் வேறொரு வேலை பார்த்துக்கொண்டு, இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ இதைச் சம்பளமில்லாமல் செய்கிறவர். உங்கள் திருத்தம் அவர் கண்ணில் படவே இரண்டு வாரம் ஆகலாம். பார்த்ததும், "இது சரி, ஆனால் டெஸ்ட் எழுதவில்லையே" என்பார். திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் சின்ன நிரல்தான் டெஸ்ட். எழுதி அனுப்பினால் இன்னொருவர் வந்து, "இதை வேறு கோப்பில் வைக்கலாமே" என்பார். இந்தப் போக்குவரத்துக்கு ரிவியூ என்று பெயர். கற்றுக்கொள்வது முழுக்க இந்த ரிவியூவில்தான் நடக்கிறது, கல்லூரியில் யாரும் உங்கள் நிரலை வரி வரியாகப் படித்து ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டதில்லை. ஆனால் பழக்கமில்லாதவருக்கு இது குற்றம் சொல்வது போலவே படும். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் முதல் ரிவியூவைப் படித்துவிட்டு அழுதுகொண்டே எனக்கு போன் செய்தார். நான் திறந்து பார்த்தால் அது மிகச் சாதாரணமான, சொல்லப்போனால் அன்பான ரிவியூ. பதினோரு கருத்துகள் இருந்தன, அவ்வளவுதான். ஒருவர் நம் வேலையில் பதினோரு இடம் காட்டுகிறார் என்றால் அத்தனை கவனமாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

மெயின்டெய்னர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரல், லினக்ஸ் இயங்குதளம் உள்ள கிட்டத்தட்ட எல்லாக் கணினியிலும் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாக ஒரே ஒருவர்தான் தன்னார்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2021 வாக்கில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல திருத்தங்களை அனுப்பி நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் வெளியாள் ரகசியமாக நுழைய அதற்குள் ஒரு பின்வாசலை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினியோடு இணைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போக வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் 2024 மார்ச்சில் அது வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு, புதிதாக வருகிறவரை உடனே நம்பச் சொல்லி எந்த மெயின்டெய்னரிடமும் கேட்க முடியாது.

மாணவர்கள் கூட்டமாகப் போய் இறங்கிய அனுபவமும் சமூகங்களுக்கு நல்லபடி இல்லை. டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் அக்டோபர் மாதங்களில் நடத்தும் ஹாக்டோபர்ஃபெஸ்ட்டில், குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டிஷர்ட் கிடைக்கும் என்றிருந்தது. 2020இல், திட்டத்தின் அறிமுகக் கோப்பான ரீட்மீயில் ஒரு சொல்லைச் சேர்த்து அனுப்புவது எப்படி என்று காட்டிய ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கானோர் அப்படியே செய்ய, உலகம் முழுக்க மெயின்டெய்னர்கள் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் முதல் வாரத்திலேயே விதியை மாற்றி, தாங்களாக விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும்தான் கணக்கு என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 2024 தொடக்கத்தில், வலைச் செயலிகள் எழுத உதவும் எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் திட்டத்துக்கும் இதேதான் நடந்தது. கிட் கற்றுக்கொடுக்கும் இந்திய வீடியோ ஒன்று அந்தத் திட்டத்தை உதாரணமாகக் காட்டப் போய், மாணவர்கள் தங்கள் பெயரை ரீட்மீயில் எழுதி வரிசையாக அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதிர்ப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மூட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, பங்களித்த நாளுக்கெல்லாம் கிட்ஹப் பக்கத்தில் விழும் பச்சைக் கட்டங்கள் ரெஸ்யூமேக்கு நல்லது என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

பல்கலைக்கழகமே தவறு செய்ததும் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிழையுள்ள பேட்ச்களைத் தெரிந்தே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அனுப்பி, அவை கண்டுபிடிக்கப்படுகின்றனவா என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். சமூகத்திடம் அனுமதி கேட்கவில்லை. 2021 ஏப்ரலில் கெர்னலின் மூத்த மெயின்டெய்னர்களில் ஒருவரான கிரெக் க்ரோ ஹார்ட்மன், அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகள் முழுவதையும் தடை செய்தார். ஆய்வாளர்கள் மன்னிப்புக் கேட்டு, கட்டுரையையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சமூகத்தைச் சோதனைக்கூடமாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதை நான் எல்லாக் கல்லூரியிலும் சொல்கிறேன், குறிப்பாக ஆசிரியர்களிடம்.

சரி, கல்லூரியின் பக்கம் வருவோம். செமஸ்டர் என்பது நான்கரை மாதம். அதற்குள் இரண்டு மூன்று இன்டர்னல், லேப் ரெக்கார்ட், மாடல் பரீட்சை, பிராக்டிகல், கடைசியில் செமஸ்டர் தேர்வு. காலை ஆறரைக்குக் கல்லூரிப் பஸ்ஸில் ஏறுகிற பிள்ளை வீடு திரும்ப ஆறு மணி ஆகிறது. விடுதியில் இருந்தால் நெட்வொர்க் வேறு தொல்லை, பல இடங்களில் எஸ்எஸ்ஹெச் போகும் வழியான 22ஆம் போர்ட்டை அடைத்து வைத்திருப்பார்கள், எழுதியதை கிட்ஹப்புக்கு அனுப்பும் கிட் புஷ் அப்படியே தொங்கி நிற்கும். பையனோ பெண்ணோ தன் கோடில்தான் தவறு என்று இரண்டு நாள் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பார்கள். கிட்ஹப் 443ஆம் போர்ட் வழியாகவும் எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்கிறது, கான்ஃபிக் கோப்பில் சில வரிதான். ஆனால் அதைச் சொல்லித்தர யாராவது இருக்க வேண்டுமே. இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள்.

இதற்கு நடுவில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் வருகிறது. தி.நகர் பக்கமும் வடபழனி பக்கமும் ப்ராஜெக்ட் சென்டர் போர்டுகளைப் பார்க்காமல் யாரும் சென்னையில் பொறியியல் படித்திருக்க முடியாது. காசு கொடுத்தால் கோடும் ரிப்போர்ட்டும் கையில் வரும், வைவாவில் என்ன கேட்பார்கள் என்பதற்குப் பயிற்சியும் உண்டு. அந்த நான்கைந்து மாதத்தில் உலகம் பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தியிருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

ஆனால் சென்னையில் முயற்சியே நடக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998 ஜனவரியிலிருந்து இயங்கிவருகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, ஐஐடி மெட்ராஸில் கஜேந்திரா சர்க்கிள் பக்கத்தில், ஏரோஸ்பேஸ் துறை வகுப்பறையில் பல ஆண்டுகள் அந்தச் சந்திப்புகள் நடந்தன. யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் கிடையாது. 2005இல் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தையும் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையத்தையும் சேர்த்து ஓப்பன் சோர்ஸுக்காக என்ஆர்சிஃபாஸ் என்ற தேசிய மையத்தைத் தொடங்கியது, அதன் வழியாகத்தான் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளம் வந்தது. 2011இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 விதிமுறைப் பாடத்திட்டத்தில் ஓப்பன் சோர்ஸ் லேப் என்றே ஒரு தாள் இருந்தது, கெர்னலைக் கம்பைல் செய்வது, வலைத்தளம் நடத்தத் தேவையான லேம்ப் தொகுப்பை நிறுவுவது, வெர்ஷன் கன்ட்ரோல் எல்லாம் அதில் உண்டு.

இத்தனையும் இருந்தும் என்ன குறைந்தது? லேப் தாளில் மென்பொருள் இருந்தது, மனிதர்கள் இல்லை. கெர்னலைக் கம்பைல் செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெக்கார்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. கெர்னலை எழுதுகிறவர்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்கிறார்கள், அதை யாரும் படிக்கலாம், நாமும் எழுதலாம் என்ற செய்தி அந்த வகுப்பறைக்குள் வரவே இல்லை. இன்னொரு பக்கம், சனிக்கிழமைச் சந்திப்புகளில் மனிதர்கள் இருந்தார்கள், ஆனால் அங்கே வந்து சேர்ந்த மாணவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். வந்தவர்கள் நன்றாக வளர்ந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிண்டிக்கு இரண்டு பஸ் மாறி வரும் அளவுக்கு ஆசை இருந்தால் மட்டும் வரலாம் என்பதுதான் நிலைமை.

எங்கே இது சரியாக நடந்தது என்று பார்த்தால், வெகுதூரம் போக வேண்டாம், இலங்கையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உதவித்தொகை கொடுத்து ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் வேலை பழக்க கூகுள் 2005இல் தொடங்கிய சம்மர் ஆஃப் கோடில், முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் அதுதான். அமெரிக்காவின் எம்ஐடியோ நம் ஐஐடிகளோ அல்ல. காரணம் அவர்களுடைய பாடத்திட்டம் என்று நான் நினைக்கவில்லை. 2003இல் இலங்கையில் ஓப்பன் சோர்ஸ் வேலைக்காக லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தொடங்கியிருந்தது, அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற திட்டத்தின் பெரும்பகுதி வேலையை அந்நாட்டுப் பொறியாளர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அதாவது ஒரு மாணவர் படிக்கும் ஊரிலேயே, அதே மொழி பேசுகிற, உலகத் திட்டம் ஒன்றில் நேரடியாக நிரலை ஏற்றும் உரிமையுள்ள அண்ணன்மார் இருந்தார்கள். ஒரு வருடம் சீனியர் போனார், அடுத்த வருடம் அவருடைய ஜூனியர் போனார், பிறகு அது வழக்கமாகிவிட்டது. கேரளத்தில் கொல்லம் அருகே அமிர்தபுரி வளாகத்தின் ஆம்ஃபாஸ் மாணவர் குழுவிலும் இதே வழிதான், முதலாண்டு பிள்ளைகளை இரண்டாம் மூன்றாம் ஆண்டு சீனியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்குகிறார்கள். ஒரு நாள் விழா, நோட்டீஸ் போர்டு, சான்றிதழ் இதெல்லாம் செய்யாத வேலையை ஒரு சீனியர் செய்கிறார்.

நம் ஊர்ச் சூழலுக்கு ஏற்றபடி எதைச் செய்யலாம் என்று கேட்டால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சம்மர் ஆஃப் கோடையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022லிருந்து மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம், பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும். 90, 175, 350 மணி நேரம் என்று வேலைக்கு அளவு வைத்திருக்கிறார்கள். எந்தத் திட்டங்கள் பங்கேற்கின்றன என்ற பட்டியல் வழக்கமாகப் பிப்ரவரி கடைசியில் வரும், விண்ணப்பம் மார்ச்சு, ஏப்ரலில். அது நம் பிள்ளைகளுக்கு இன்டர்னல் நேரம், தலை நிமிர முடியாது. அதனால் பட்டியல் வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும். முந்தைய டிசம்பரில், செமஸ்டர் தேர்வு முடிந்து கிடைக்கும் அந்த இடைவெளியிலேயே ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு சின்னத் திருத்தங்களையாவது அனுப்பி, அங்குள்ளவர்களுக்குப் பெயர் தெரியும்படி செய்துவிட வேண்டும். பல சென்னை மாணவர்களுக்கு இந்த ஒரு தேதிக் கணக்கு தெரியாததால் ஒரு வருடம் வீணாகியிருக்கிறது.

பேசும் முறையையும் யாராவது சொல்லித்தர வேண்டும். நம் பிள்ளைகள் "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கி மெயின்டெய்னருக்குத் தனி மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். மரியாதையில் குறை ஒன்றுமில்லை, ஆனால் அங்கே எல்லாரும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், கேள்வியைப் பொதுவில்தான் கேட்க வேண்டும், அப்போதுதான் யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் பதில் சொல்வார். கெர்னல் மின்னஞ்சல் பட்டியலுக்கு ஹெச்டிஎம்எல் வடிவில் மடல் அனுப்பினால் சேவையகமே திருப்பி அனுப்பிவிடும், போனிலிருந்து அனுப்பிவிட்டு என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று ஒரு பையன் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். அப்புறம் அந்த "எனக்கு இதை அசைன் பண்ணுங்க" வழக்கம். ஒரு வரி கூடப் படிக்காமல், தீர்க்க வேண்டியது என்று பதிந்திருக்கும் இஷ்யூவைத் தன் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டு காணாமல் போவது. வேலையைச் செய்துவிட்டு நேராக அனுப்பினால் போதும், பெரும்பாலான திட்டங்களில் யாரும் அசைன் செய்யக் காத்திருப்பதில்லை. சாட்பாட்டிடம் எழுதி வாங்கிய திருத்தத்தைப் புரியாமலே அனுப்புவதும் இப்போது சேர்ந்திருக்கிறது. இணையம் வழியாகத் தரவு அனுப்பவும் பெறவும் பயன்படும் கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 தொடக்கத்திலிருந்தே இப்படி வரும் போலிப் பிழை அறிக்கைகளால் நேரம் போகிறது என்று வெளிப்படையாக எழுதிவருகிறார். உங்கள் திருத்தத்தைப் பற்றிக் கேட்டால் உங்கள் வாயால் விளக்க முடியுமா, அதைப் பார்த்துக்கொண்டு அனுப்புங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற அந்தக் கேள்விக்கு இப்போது நான் சொல்லும் பதில், தமிழிலிருந்து ஆரம்பி என்பதுதான். மொழிப்பற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. உலகத்தின் கெட்டிக்கார நிரலர்கள் பலருக்கு இல்லாத ஓர் அறிவு நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள், 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்று எழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ஐந்தாகப் பிரிந்து கிடக்கிறது. 'கொ' என்ற எழுத்தையோ இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் அதைக் கவனித்து எழுதாத நிரலில் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. அகர வரிசையும் அப்படித்தான், குறியீட்டு எண்படி அப்படியே அடுக்கினால் னகரம் நகரத்துக்கு அடுத்து வந்து உட்கார்ந்துவிடும், நம் வரிசையில் அது கடைசி மெய். ஓப்பன்-தமிழ் போன்ற நிரல் தொகுப்புகள் இந்தச் சிக்கல்களுக்காகவே எழுதப்பட்டவை. இப்படிப்பட்ட பிழைகள் எத்தனையோ மென்பொருளில் கிடக்கின்றன. இது பிழை என்று பார்த்த கணத்தில் தெரிந்துகொள்ள தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். கோடு எழுத வராதவர்களுக்கும் இடம் உண்டு. மொசில்லாவின் குரல் சேகரிப்பான காமன் வாய்ஸுக்குத் தமிழில் குரல் கொடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், எல்லாரும் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தங்கள் தெருவைச் சரிசெய்யலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று சென்னை மக்களே குறித்த வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான் நின்றது, அதற்கு முன்பே யாரோ பொறுமையாக உட்கார்ந்து அந்தத் தெருக்களை வரைந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மினி ப்ராஜெக்டுக்குப் பதிலாக ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் மெர்ஜ் ஆனால்தான், அதாவது திருத்தம் திட்டத்தில் சேர்க்கப்பட்டால்தான் மதிப்பெண் என்று வைக்காதீர்கள். மெர்ஜ் ஆவது மாணவர் கையில் இல்லை, அப்படி விதி வைத்தால் செமஸ்டர் கடைசி வாரத்தில் அறுபது பேர் ஒரே மெயின்டெய்னரைத் துளைத்தெடுப்பார்கள். பிழையை எப்படிக் கண்டுபிடித்தார், எப்படி மீண்டும் வரவழைத்துக் காட்டினார், ரிவியூவில் என்ன சொன்னார்கள், அதற்கு இவர் என்ன செய்தார் என்பதை எழுதச் சொல்லி அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ஒரு வகுப்பையே ஒரு திட்டத்துக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் அந்தத் திட்டத்தாரிடம் கேளுங்கள், பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். அப்புறம் முன்னாள் மாணவர்களைக் கூப்பிடுங்கள். ஓஎம்ஆரிலும் கிண்டியிலும் வேலை பார்க்கிற, தினமும் ரிவியூ செய்து பழகிய ஆயிரக்கணக்கானவர்கள் உங்கள் கல்லூரியில் படித்தவர்கள்தான். ஒரு மணி நேரம் மேடையில் பேசச் சொல்லாமல், மாதம் ஒரு சனிக்கிழமை லேபில் நாலு பேருடன் உட்காரச் சொல்லுங்கள்.

முதல் ரிவியூவில் அழுத அந்தப் பெண் கண்டுபிடித்த பிழை, ஒரு மின்னூல் வாசிப்புச் செயலியின் தேடலில் இருந்த இந்தக் 'கொ' பிரச்சினைதான். பிப்ரவரியில் அனுப்பினார். ஏப்ரல், மே முழுக்க தேர்வு, "பரீட்சை நடக்கிறது, ஜூனில் திரும்பி வருகிறேன்" என்று ஒரு வரி எழுதிப் போடச் சொன்னேன். அப்படியெல்லாம் சொல்லலாமா அண்ணா என்று கேட்டார். சொல்லலாம். "தேர்வுக்கு வாழ்த்துகள், அவசரமில்லை" என்று அங்கிருந்து பதில் வந்தது. ஜூலையில் அது மெர்ஜ் ஆனது, டெஸ்டோடு சேர்த்து இருபது வரிகூட இருக்காது, டெஸ்டில் அவர் வைத்த சொல் 'கொக்கு'. இப்போது வேலைக்குப் போகிறார். மாதம் ஒரு சனிக்கிழமை தாம்பரம் பக்கம் தன் பழைய கல்லூரிக்குப் போய் இரண்டு ஜூனியர்களோடு உட்காருகிறார். போன வாரம் அவர்களில் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார், ஸ்ரீ என்ற எழுத்தையும் இரண்டு விதமாகச் சேமிக்க முடிகிறதே, இதை எந்தத் திட்டத்தில் போய்ச் சொல்வது என்று.